எந்தத் தண்ணீரில் கடல் செய்வது?

மயிலாப்பூரில் ஒரு மூன்றாவது மாடி வீடு. முதல்முறையாகக் கடல்மீன் வளர்க்க ஆசைப்பட்டு நூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி வைத்தாயிற்று. குளியலறைக் குழாயில் போர் தண்ணீர், சமையலறையில் மெட்ரோ வாட்டர். சுவரில் ஆர்.ஓ. இயந்திரம், மூலையில் இருபது லிட்டர் கேன். பால்கனியில் ஏ.சி. குழாய்க்கு அடியில் ஒரு வாளி எந்நேரமும் நிரம்பிக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்குப் பதினைந்து நிமிட நடையில் கடலே இருக்கிறது. எதை ஊற்றுவது?

எனக்குத் தெரிந்து எல்லோரும் இதைத் தொட்டி வாங்கிய அன்றைக்குத்தான் கேட்கிறார்கள். அன்றைக்கு ஊற்றப் போகிற நூறு லிட்டரை மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் கடல்மீன் தொட்டி ஒருநாள் தண்ணீரில் வாழ்வதில்லை.

தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கிவிடும். குறைந்ததை ஈடுகட்ட நாம் ஊற்ற வேண்டியது உப்பில்லாத நன்னீர்; இதைத்தான் டாப்-அப் என்கிறோம். சென்னையில் இது சின்ன விஷயம் இல்லை. மே மாதத்தில் வீட்டுக்குள்ளேயே 32, 33 டிகிரி. பவளப்பாறை மீன்கள் சுகமாக இருப்பது 25 முதல் 27 டிகிரிக்குள். முதல் வருடத்திலேயே சில்லர் வாங்கப் பெரும்பாலோருக்கு மனம் வராது. நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சின்ன மின்விசிறியை மாட்டி இரண்டு மூன்று டிகிரி இறக்கிக்கொள்கிறோம். அந்தக் குளிர்ச்சிக்கு நாம் கொடுக்கும் விலை, காற்றோடு போகும் தண்ணீர்.

நாளுக்கு ஒன்றரை லிட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ஏறக்குறைய 550 லிட்டர். வாரம் பத்து லிட்டர் பழைய நீரை எடுத்துவிட்டுப் புதுக் கடல்நீர் சேர்த்தால் இன்னொரு 520 லிட்டர். முதல்நாள் அவ்வளவு யோசித்து ஊற்றிய 100 லிட்டர், முதல் வருடத்தில் அந்தத் தொட்டி குடிக்கும் மொத்தத் தண்ணீரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுபோவோம். வாரத்துக்கு உள்ளே வருவது டாப்-அப் பத்தரை லிட்டரும் மாற்றும் நீர் பத்து லிட்டரும். அழுக்கைச் சுமந்துகொண்டு வெளியே போவது பத்து லிட்டர் மட்டும். ஆவி எதையும் கொண்டுபோகாது. ஆகவே ஊற்றும் தண்ணீரில் நைட்ரேட் எவ்வளவு இருக்கிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கில் போய்த்தான் தொட்டி நிலைகொள்ளும். மீன்கள் போடும் கழிவிலிருந்து வருவது இதற்கு மேல். தண்ணீரே மாற்றாமல் டாப்-அப் மட்டும் செய்பவர் வீட்டில் அது நிலைகொள்வதும் இல்லை, ஏறிக்கொண்டே போகும். கடல்மீன் தொட்டி, நாம் ஊற்றும் நன்னீரைச் சுண்டக் காய்ச்சும் பாத்திரம் என்று நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அதனால் ஒவ்வொரு தண்ணீரிடமும் நான் கேட்பது ‘நீ சுத்தமா?’ என்பதை மட்டும் அல்ல. ‘அடுத்த மே மாதத்திலும் நீ இதே தண்ணீராக இருப்பாயா, இல்லையென்றால் அது எனக்குத் தெரியவருமா?’ என்பதையும்தான்.

கடலிலிருந்தே தொடங்குகிறேன். அதன் பக்கம்தான் வாதம் பலமாக இருக்கிறது. கால்சியம், மக்னீசியம் தொடங்கி நுண்தனிமங்கள் வரை எல்லாம் சரியான விகிதத்தில், காசில்லாமல் கிடைக்கின்றன. இந்தியாவின் முதல் மீன் காட்சியகம் 1909-இல் மெரினாக் கரையில்தான் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூடப்படும்வரை சென்னைவாசிகள் கடல்மீனைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தது அங்கேதான். மண்டபம் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைப்பதும் கடல்நீரில்தான். அப்படியிருக்க, பட்டினப்பாக்கத்தில் நாலு கேன் மொண்டு வந்தால் என்ன என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி.

பதில் நம் கரையின் அமைப்பில் இருக்கிறது. நேப்பியர் பாலத்தருகே கூவம் கடலில் சேர்கிறது. தெற்கே சீனிவாசபுரத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் நடுவில், உடைந்த பாலத்தைத் தாண்டி, அடையாறு சேர்கிறது. மெரினா, சாந்தோம், பட்டினப்பாக்கம் எல்லாம் இந்த இரண்டு முகத்துவாரங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கரை. இரண்டு ஆறுகளும் சுமந்து வருவது என்ன என்று சென்னைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை அடையாற்றுக்குத் தெற்கே இருப்பதால் அங்கே போகலாம் என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. வங்கக் கடலின் கரையோர நீரோட்டம் கோடையிலும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலும் வடக்கே ஓடும். அப்போது அடையாற்றுத் தண்ணீர் சாந்தோம் பக்கமாக இழுபடும், எலியட்ஸ் கரை ஓரளவு தப்பும். ஐப்பசி பிறக்கும்போது நீரோட்டம் திரும்பித் தெற்கே ஓடத் தொடங்கும். அதே நாட்களில்தான் மழையில் ஆறு பெருகி, கோடையில் மணல் மூடிக்கிடந்த முகத்துவாரம் திறந்து, நகரத்தின் சாக்கடை மொத்தமும் அலசிக்கொண்டு வெளியே வரும். நல்ல கரை என்று நம்பிப் போன இடம் அந்த மாதங்களில்தான் மோசமான கரையாகிறது.

அந்தத் தெற்கு நீரோட்டம் இன்னொன்றும் செய்கிறது. கங்கை முதல் கோதாவரி, கிருஷ்ணா வரை ஆறுகள் கொட்டிய நன்னீர் கலந்த வடவங்கக் கடலின் நீரைத் தமிழகக் கரைக்கு இறக்குகிறது. மேலே வடகிழக்குப் பருவமழை வேறு. ஆண்டின் பெரும்பகுதி ஆயிரத்துக்கு 33, 34 என்று நிற்கும் உப்பளவு மழை மாதங்களில் 30-க்குக் கீழே இறங்குவதை ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் நீங்களே காணலாம். கடல் மாறவே மாறாது என்ற எண்ணம் நம் கரைக்குப் பொருந்தாது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, அது தெற்கே நகர்ந்து மெரினா வரை வந்து கரையேறியது. வாரம் பத்து லிட்டரைக் கடலை நம்பி மாற்றுகிறவர் அன்றைக்கு எங்கே போவார்?

இதெல்லாம் தெரிந்து, முட்டுக்காட்டையும் தாண்டிக் கோவளம் போய், அலைக்கு வெளியே படகில் மொண்டு வருகிறார் என்றே வைத்துக்கொள்வோம். கேனுக்குள் வந்திருப்பது தண்ணீர் மட்டும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத மிதவையுயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. கார் டிக்கியின் சூட்டில் அவை செத்து, வீடு வருவதற்குள் அம்மோனியா ஏறத் தொடங்கிவிடும். இருட்டில் வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டும், அல்லது பிளீச்சிங் போட்டுக் கொன்று, குளோரினை முறித்து, பிறகு சோதித்துப் பார்க்க வேண்டும். பொரிப்பகங்களில் இதற்கென்றே மணல் வடிகட்டி, புறஊதா விளக்கு, நீரைச் சோதிக்கும் ஆட்கள் என்று ஓர் ஏற்பாடே நடக்கிறது. மண்டபத்தைக் காட்டிக் கடல்நீரைப் பரிந்துரைப்பவர்கள் அந்த ஏற்பாட்டைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். கடைகளில் கேனில் கிடைக்கும் கடல்நீருக்கும் இதே கேள்விதான்: எந்தக் கரை, எந்த மாதம், மொண்ட பிறகு என்ன செய்தார்கள்? மூன்றுக்கும் பதில் தெரியாத தண்ணீரை அனுபவசாலி வாங்கலாம், தவறினால் சமாளிப்பார். புதியவர் வாங்கக் கூடாது.

சரி, கடல் வேண்டாம், நன்னீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்துக்கொள்வோம் என்று முடிவுசெய்தால், எந்த நன்னீர் என்ற கேள்வி வருகிறது. இங்கேதான் நான் தவறினேன்.

நான் சமையலறைக் குழாயைத்தான் பயன்படுத்தினேன். மெட்ரோ வாட்டர், ஆன்டி-குளோரின் நாலு சொட்டு, ஒருநாள் காற்றோட்டம். தண்ணீரில் கரைந்திருப்பதன் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் ஊற்றினேன். மூன்று மாதம் எல்லாம் நன்றாக இருந்தது. ஏப்ரல் கடைசியில் மணல்மேல் பழுப்பாக ஒரு படலம். துடைத்தால் இரண்டே நாளில் திரும்பவும். பிறகு கண்ணாடியில், பாறையில், தண்ணீரைச் சுழற்றும் பவர்ஹெட் பம்பின் வாயில். மே நடுவில் சுத்தம் செய்யும் இறால் இரண்டும் ஒரே வாரத்தில் செத்தன. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவே எனக்குப் புரியாத புதிராக இருந்தது. தற்செயலாகக் கீழே காவலாளியிடம் கேட்டேன்: “என்னண்ணே, தண்ணி ஒரு மாதிரி இருக்கு?”

“மெட்ரோ ரெண்டு நாளுக்கு ஒருதடவதான் சார் வருது. போர் தண்ணியத்தான் சம்புல உடறோம். பத்தலைன்னா லாரி சொல்றோம். ஒரு மாசமாவே அப்படித்தான்.”

நான் மீட்டர் வைத்துப் பார்த்தது பிப்ரவரியில். சமையலறைக் குழாய் அதே குழாய்தான். அதற்குப் பின்னால் இருந்த தண்ணீர் மாறிப்போயிருந்தது. பழுப்புப் படலம் டயாட்டம் என்னும் நுண்பாசி. தன் ஓட்டைச் சிலிக்காவால் கட்டும் உயிர் அது. பூமிக்கடியில் பாறையோடும் மணலோடும் உறவாடி வரும் நீரில் சிலிக்கா கரைந்திருப்பது இயல்பு. இறால் ஏன் செத்தது என்பதை நிரூபிக்க என்னிடம் அன்றைக்குச் சோதனை எதுவும் இல்லை. ஆனால் மீனை விட்டுவிட்டு இறாலை மட்டும் கொல்லும் பொருள்களில் முதலில் நினைவுக்கு வருவது செம்பு.

சென்னை அடுக்ககத்தின் உண்மை இந்தச் சம்ப்தான். தி. நகரிலோ அடையாறிலோ ஒரு குடியிருப்பின் தரைக்கடித் தொட்டியில் மெட்ரோ, போர், லாரி மூன்றும் ஒன்றாகின்றன. மெட்ரோ வாட்டரும் தன்னளவில் ஒரே தண்ணீர் அல்ல. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள், கண்டலேறு வழியாக வரும் கிருஷ்ணா நீர், கடலூர் மாவட்டத்து வீராணம், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் (2013-இல் தொடங்கியது நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2024-இல் திறந்தது 15 கோடி லிட்டர்) என்று பருவத்துக்குத் தகுந்தபடி விகிதம் மாறும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. குடிநீர் வாரியத்தைக் குறை சொல்லவில்லை. ஒரு பெருநகரத்தின் தாகத்தைத் தீர்க்க வேறு வழியும் இல்லை. மனிதர்களுக்கு இந்த மாற்றம் பெரிதல்ல. இரண்டு மடங்காகச் சுண்டும் தொட்டிக்குள் இருக்கும் நத்தைக்கும் இறாலுக்கும்தான் பெரிது.

“நாம குடிக்கிற தண்ணிதானே சார், மீனுக்கு ஆகாதா?” என்று கேட்பவர்களுக்கு இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, நல்ல பதில் வைத்திருக்கிறது. செம்புக்கு அது ஏற்கும் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. கடல்மீனுக்கு ஒட்டுண்ணி வந்தால் தனித்தொட்டியில் விட்டு நாம் கொடுக்கும் செம்பு மருந்தின் அளவே 0.15 முதல் 0.25 வரைதான், அந்த அளவில் இறாலும் நத்தையும் பவளமும் பிழைப்பதில்லை. மனிதனுக்குப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற அளவு இவற்றுக்கு ஆறு மடங்குக்குக் குறையாத நஞ்சு. நைட்ரேட்டுக்கு உச்சவரம்பு 45 மில்லிகிராம். சட்டப்படி நல்ல தண்ணீரான அதை நம் தொட்டியில் ஊற்றி வந்தால் 90-ஐத் தாண்டி நிற்கும். பாசிக்கு உணவாகும் பாஸ்பேட்டுக்கும் சிலிக்காவுக்கும் அந்தப் பட்டியலில் வரம்பே இல்லை, குடிக்கிறவருக்கு அவற்றால் கவலையில்லை என்பதால். குடிநீர் என்ற தகுதிச் சான்றிதழ் இந்தத் தொட்டிக்குச் செல்லாது.

போர் தண்ணீரை நேராக ஊற்றுவது பற்றிப் பேசவே வேண்டாம். லாரித் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்பது லாரிக்காரருக்கே ஒவ்வொரு நடைக்கும் மாறும்.

ஏ.சி. வாளியைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீட்டர் அதை மெச்சும். காற்றில் இருந்து குளிர்ந்து சொட்டும் நீர், டி.டி.எஸ். பத்து, இருபது என்று காட்டும். பலர் இதில் ஏமாந்திருக்கிறார்கள். மீட்டர் அளப்பது மின்கடத்தும் திறனை மட்டும்தான். உள்ளே இருப்பது சமையல் உப்பா, செம்பா என்று அதற்குத் தெரியாது. இறாலைக் கொல்லும் 0.2 மில்லிகிராம் செம்பு அதன் முள்ளை அசைக்கக்கூடப் போதாது. அந்த நீர் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் தூசியும் நிறைந்த சுருளின் மேல் வழிந்து வருகிறது. எண் குறைவாக இருப்பது அவசியம். அது மட்டும் போதாது, தண்ணீர் வந்த வழியும் தெரிய வேண்டும். பேட்டரிக் கடை டிஸ்டில்ட் வாட்டரும் இதே காரணத்தால் எனக்கு ஒப்பவில்லை. எண் பூஜ்யத்தை ஒட்டியிருக்கும். ஆனால் அது உயிர்களுக்கென்று செய்த பொருள் அல்ல, கேன் முன்பு எதைச் சுமந்தது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. மழைநீரில் எனக்கு ஆசை உண்டு. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய ஊர் இது, மொட்டை மாடி எல்லோருக்கும் இருக்கிறது. அந்த மாடியில் புறாக்களும் இருக்கின்றன. அதோடு ஐப்பசி, கார்த்திகை தவிர மற்ற மாதங்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

இனி மிஞ்சுவது இரண்டு: கேன் தண்ணீர், வீட்டு ஆர்.ஓ.

கேன் தண்ணீரை நான் எதிர்பார்த்ததைவிட உயர்வாகவே மதிப்பிட வேண்டியிருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கேனில் இருப்பது பெரும்பாலும் போர் தண்ணீரை ஆர்.ஓ.வில் வடித்து, ஓசோனோ புறஊதாவோ காட்டியது. சிலர் சுவைக்காகக் கால்சியமும் மக்னீசியமும் கொஞ்சம் சேர்ப்பார்கள். கடல்நீரில் மக்னீசியமே லிட்டருக்கு 1,250 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நம் தொட்டிக்கு மாதம் ஏறக்குறைய தொண்ணூறு லிட்டர், அதாவது நாலரை கேன். ஒரு கேன் நாற்பது ரூபாய் என்றாலும் மாதம் இருநூறைத் தொடாது. முதலீடு கிடையாது, கழிவுநீர் உங்கள் வீட்டில் சேராது. குறை எங்கே என்றால், முத்திரையில்லாத கேன்களும் அதே வண்டியில்தான் வருகின்றன. ஒரே பெயரில் வரும் இரண்டு கேன்களில் ஒன்று 40 காட்டும், இன்னொன்று 120 காட்டும். ஆகவே ஒவ்வொரு கேனையும் அளக்கிற பழக்கம் இருந்தால் இது நல்ல தண்ணீர். அளக்காமல் ஊற்றினால் என் சம்ப் கதைதான்.

வீட்டு ஆர்.ஓ.வைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சின்னத் திருகைக் காட்ட வேண்டும். இயந்திரத்தின் மூடியைக் கழற்றினால், மெல்லிய வெள்ளைக் குழாய்கள் சந்திக்கும் இடத்தில் சுண்டுவிரல் நகமளவு ஒரு திருகு இருக்கும். சர்வீஸுக்கு வருகிறவர் “டேஸ்ட் சப்புன்னு இருக்கா மேடம்?” என்று கேட்டு அதை அரைத் திருப்புத் திருப்புவார். அது சவ்வு வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் வெளிவரும் நீரோடு கலக்கும் வழி. வாய்க்கு ருசி வந்துவிடும்; சவ்வு தடுத்து நிறுத்திய சிலிக்காவும் நைட்ரேட்டும் அந்த வழியாகவே தொட்டிக்குள் நுழைந்துவிடும். “எங்க வீட்டு ஆர்.ஓ. தண்ணியத்தானே ஊத்தினேன், ஏன் பாசி?” என்று கேட்ட எத்தனையோ பேருக்கு விடை அந்தத் திருகில் இருக்கிறது. தொட்டிக்கான நீரை, அந்தக் கலப்புக்கும் மினரல் கேட்ரிஜுக்கும் முன்னால், சவ்விலிருந்து வரும் குழாயிலேயே பிரித்தெடுக்க வேண்டும்.

அப்படி எடுத்த நீரை ஒரு டி.ஐ. கேட்ரிஜ் வழியாக விட்டால் வேலை முடிந்தது. நிறம் மாறும் ரெசின் நிரப்பிய ஒளிபுகும் குழல் அது. மிச்சமிருக்கும் அயனிகளைப் பிடித்து மீட்டரைப் பூஜ்யத்தில் நிறுத்தும், தீர்ந்துபோனால் நிறத்தாலேயே சொல்லிவிடும். இதன் மதிப்பைச் சுத்தம் என்ற ஒரு சொல்லில் அடக்குகிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, இது மாற்றங்களைத் தட்டையாக்குவது. நல்ல சவ்வு கரைந்த உப்பில் 95 விழுக்காட்டை நிறுத்தும். உள்ளே போவது 300 என்றால் 15, போர் கலந்து 1,500 ஆனால் 75. ரெசினைத் தாண்டினால் இரண்டும் பூஜ்யம். சம்பில் எது ஓடினாலும் தொட்டிக்குப் போவது பிப்ரவரியிலும் மே மாதத்திலும் ஒரே தண்ணீர். மாறுவது ரெசின் தீரும் வேகம் மட்டும்: போர் காலத்தில் ஐந்து மடங்கு சீக்கிரம் தீரும். அந்தச் செலவைக் குறைக்கவும் வழி உண்டு. பழைய குடியிருப்புகள் பலவற்றின் வாசலில் மெட்ரோ அடிபம்பு இன்னும் இருக்கிறது. சம்பில் கலப்பதற்கு முந்தைய தண்ணீர் அது. தண்ணீர் வரும் நாளில் இரண்டு குடம் அடித்து வந்து, பூஸ்டர் பம்ப் வைத்த ஆர்.ஓ.வுக்கு அதைக் கொடுத்தால் ரெசின் மாதக்கணக்கில் தாங்கும்.

இதற்கு எதிரான வாதம் ஒன்றை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆர்.ஓ. ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். 2019-ஐக் கண்ட ஊரில் மீனுக்காக அதைச் செய்வதா? அதே ஆண்டு மே மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ். 500-க்குக் குறைந்த இடங்களில் குடிநீருக்கு ஆர்.ஓ. கூடாது என்று உத்தரவிட்டது நினைவிருக்கலாம். தாது போய்விடுகிறது, தண்ணீர் வீணாகிறது என்பவை அதன் காரணங்கள். தாது போவதுதான் நமக்கு வேண்டும், அது பிரச்சினை இல்லை. வீணாவது பிரச்சினைதான். வாரம் இருபது லிட்டருக்கு நாற்பது முதல் அறுபது லிட்டர் கழிவு. அதைச் சாக்கடையில் விடுகிறவர் இந்தப் பொழுதுபோக்கை ஆரம்பிக்காமல் இருப்பது நல்லது. ஒரு டிரம்மில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஊற்றினால், வேறெப்படியும் செலவாகியிருக்கும் தண்ணீர்தான் அது. என் வீட்டில் அப்படித்தான் போகிறது.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கேளம்பாக்கத்து உப்பளத்தையோ தூத்துக்குடியையோ பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாத்தியில் கடல்நீர் காயும்போது முதலில் கால்சியம் ஜிப்சமாகப் படியும், பிறகு சாதாரண உப்பு பூக்கும், மக்னீசியம் தேங்கிய கசப்பு நீரை வடித்து வெளியே விட்டுவிடுவார்கள். நாம் சமையலுக்கு வாங்குவது கடலில் ஒரு பகுதி மட்டும். ஆகவே கல்லுப்பு கரைத்த தண்ணீர் கடல்நீர் ஆகாது. கடல்மீன் தொட்டிக்கென்று விற்கும் கலவையே வேண்டும். தண்ணீரில் உப்பைப் போடுங்கள், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும். பவர்ஹெட் ஓடவிட்டு ஓர் இரவு விட்டு, காலையில் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பார்த்த பிறகு ஊற்றுங்கள்.

தீர்ப்பு இதுதான். மயிலாப்பூரிலோ தி. நகரிலோ அடையாறிலோ முதல் தொட்டி வைக்கிறவருக்கு உகந்தது, மெட்ரோ நீரை ஆர்.ஓ., டி.ஐ. இரண்டிலும் வடித்துக் கலவை உப்பைக் கரைத்த நீர். டாப்-அப்புக்கும் அதே வடித்த நீர். அதற்கு வசதியோ இடமோ இல்லாதவர், முத்திரையுள்ள கேன் தண்ணீரை, கேனுக்கு ஒருமுறை அளந்து, 50-க்கு மேல் காட்டுவதைக் குடிக்க வைத்துக்கொண்டு, குறைவானதைத் தொட்டிக்கு எடுத்துக்கொள்ளட்டும். மீனும் எளிதில் சாகாத நத்தையும் மட்டும் உள்ள தொட்டிக்கு அது போதும், பவளத்துக்கு ஆசைப்படும்போது டி.ஐ.க்கு மாறலாம். வடிக்காத குழாய் நீர், போர், லாரி, ஏ.சி., பேட்டரித் தண்ணீர் எதையும் தொட்டிக்கு அருகே கொண்டுவர வேண்டாம். இரண்டு வழிகளுக்குள் செலவில் பெரிய வித்தியாசம் முதல் ஆண்டிலேயே இல்லாமல் போகும் என்று சொல்ல மாட்டேன்: ஆர்.ஓ. ஏற்கெனவே சுவரில் இருப்பவருக்கு டி.ஐ. மட்டும் சேர்ப்பது சிறு செலவு, இல்லாதவருக்குக் கேன்தான் மலிவு.

கடலைப் பற்றிய என் தீர்ப்பு முதல் ஆண்டுக்கு மட்டும். ஓர் ஆண்டு முழுக்கத் தொட்டியின் உப்பையும் நைட்ரேட்டையும் வாரந்தோறும் எழுதிவைத்தவருக்கு, கேனில் வந்த கடல்நீர் சரியில்லை என்றால் அடுத்த வாரக் குறிப்பிலேயே தெரிந்துவிடும். அவர் மாசி, பங்குனியில், நீரோட்டம் வடக்கே திரும்பி வானம் வெளுத்த பிறகு, கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவரின் படகில் ஏறி, ரிஃப்ராக்டோமீட்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகட்டும். முதலில் ஒரு கேன் மட்டும் மொண்டு வரட்டும்.